பழைய பைக் வாங்கும் முன்: ஆவணத்திலும் இரும்பிலும் படிக்க வேண்டியவை

பழைய பைக் விற்பவர்கள் பலரும் ஆர்.சி. என்ற பதிவுச் சான்றிதழைக் காட்டி, "எஃப்.சி. 2034 வரைக்கும் இருக்கு" என்று உறுதி கூறுவார்கள். எஃப்.சி. என்றால் வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று. 2019-இல் பதிவான வண்டியில் அந்த ஆண்டுதான் அச்சாகியிருக்கும். ஆனால் அது எவரும் வண்டியைச் சோதித்து அளித்த சான்று அன்று. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி சொந்த உபயோக வண்டியின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும் என்பதால், பதிவு நாளிலிருந்து கணக்கிட்டு எழுதப்பட்ட தேதி. அந்த 15 ஆண்டு முடிந்து பதிவைப் புதுப்பிக்கும்போதுதான் மோட்டார் வாகன ஆய்வாளர் வண்டியை நேரில் பார்க்கிறார். பிரிட்டனில் மூன்று ஆண்டுகளைக் கடந்த மோட்டார் சைக்கிள் ஆண்டுதோறும் சோதனைக்குப் போக வேண்டும், அதன் முடிவையும் அன்று மீட்டர் காட்டிய தூரத்தையும் பதிவெண்ணை வைத்து யாரும் இணையத்தில் பார்த்துவிடலாம். நம் ஊரில் அப்படி ஒரு பதிவேடு இல்லாததால், சிதறிக் கிடக்கும் சான்றுகளை ஒன்றுசேர்த்து அந்த வரலாற்றை வாங்குபவரே எழுதிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

முதலில் பரிவாகன் இணையதளத்திலோ எம்-பரிவாகன் செயலியிலோ பதிவெண்ணைக் கொடுத்துப் பாருங்கள். பதிவு நாள், எத்தனையாவது உரிமையாளர், இன்ஷூரன்ஸ் எதுவரை, கடன் கொடுத்த நிறுவனத்தின் பெயர் இன்னும் இருக்கிறதா, வண்டி தடைப்பட்டியலில் உள்ளதா என்பவை அங்கே தெரியும். கடனைக் கட்டி முடித்துவிட்டதாக விற்பவர் சொன்னாலும், நிறுவனத்தின் தடையின்மைச் சான்றும் ஆர்.சி.யிலிருந்து கடன் பதிவை நீக்குவதற்கான, கையெழுத்திட்ட படிவம் 35-உம் கைக்கு வராத வரை அதைக் கடனுள்ள வண்டியாகவே கருதுங்கள். நிலுவை அபராதங்களை இ-சலான் தளத்தில் பார்க்கலாம்.

அடுத்து சேஸ் எண். பெரும்பாலான பைக்குகளில் ஹேண்டிலுக்குக் கீழே, வண்டிச் சட்டத்தின் (ஃபிரேமின்) தலைக்குழாயில் அது குத்தப்பட்டிருக்கும். எண்ணெய்ப் பிசுக்கைத் துணியால் துடைத்துவிட்டு, 17 எழுத்துகளையும் ஆர்.சி.யோடு ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். எழுத்துகளின் ஆழமும் இடைவெளியும் சீராக இருக்க வேண்டும். அந்த இடத்தில் மட்டும் அரம் தேய்த்த தடமோ புதுப் பெயின்டோ தெரிந்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

வண்டியின் உண்மையான வரலாறு சர்வீஸ் பில்களில்தான் இருக்கிறது. ஒவ்வொரு ஜாப் கார்டிலும் தேதியும் அன்றைய கிலோமீட்டரும் எழுதப்பட்டிருக்கும். அவற்றை வரிசையாக அடுக்கிப் பார்த்தால், ஆண்டுக்கு 9,000 கிலோமீட்டர் ஓடிய வண்டி திடீரென்று ஆண்டுக்கு 1,000 மட்டுமே ஓடியதாகக் காட்டும் இடம் கண்ணில் படும். அங்கே மீட்டர் மாற்றப்பட்டதா என்று கேட்க வேண்டும். பில்கள் தொலைந்துவிட்டன என்றால், உரிமையாளரையே அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டருக்கு அழைத்துச் சென்று, அங்குள்ள கணினிப் பதிவைக் காட்டச் சொல்லுங்கள். நிறுவனம் திரும்ப அழைத்த வண்டிகளில் இதுவும் ஒன்றா, அந்த வேலை முடிந்ததா என்பதையும் அப்போதே கேட்டுவிடலாம். சான்றாக, 2020 டிசம்பர் முதல் 2021 ஏப்ரல் வரை தயாரான புல்லட், கிளாசிக், மீட்டியோர் வண்டிகளில் சுமார் 2.37 லட்சத்தை இக்னிஷன் காயில் குறைபாட்டுக்காக ராயல் என்ஃபீல்டு 2021 மே மாதத்தில் திரும்ப அழைத்தது.

பலர் புரட்டிப் பார்க்காத ஆவணம் இன்ஷூரன்ஸ் பாலிசி. சொந்தச் சேதத்துக்கும் காப்பீடு எடுத்திருந்தால், இழப்பீடு கோராத ஆண்டுகளுக்கு 20 சதவீதத்தில் தொடங்கி 50 வரை தள்ளுபடி கூடிக்கொண்டே போகும். ஒரே உரிமையாளர், இடைவெளியின்றிப் புதுப்பித்த பாலிசி, ஆனால் தள்ளுபடி சுழியம் என்றிருந்தால் அண்மையில் இழப்பீடு கோரப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். எதற்காக என்று நேராகவே கேளுங்கள். புகைச் சான்றிதழில் கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரோகார்பன் அளவுகள் அச்சாகியிருக்கும். பழையதும் புதியதும் கிடைத்தால் அளவு ஏறியிருக்கிறதா என்று ஒப்பிடலாம்.

இனி வண்டிக்கு வருவோம். நீங்கள் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று முன்னதாகவே சொல்லிவிட்டு, பகல் வெளிச்சத்தில் போய்ப் பாருங்கள். இன்ஜின் ஏற்கெனவே சூடாக இருந்தால், குளிர்ந்த நிலையில் கிளம்பச் சிரமப்படும் வண்டியா என்ற ஐயம் எழுவது நியாயமே. ஆக்ஸிலரேட்டரை முறுக்கும்போது சைலென்சரில் நீலப் புகை தொடர்ந்து வந்தால் ஆயில் எரிகிறது. பிஸ்டன் ரிங், சிலிண்டர் போர் வேலை வரை போகலாம். காலை நேரத்தில் சிறிது வெண்ணிற ஆவி வந்து மறைவது வெறும் ஈரம்தான்.

விபத்தின் தடயத்தை முன்பக்கத்தில் தேடுங்கள். ஹேண்டிலை முழுவதுமாகத் திருப்பும்போது இடித்து நிற்பதற்கென்று சட்டத்தருகே ஸ்டாப்பர் முட்டுகள் இருக்கும். அவற்றில் ஒன்று மட்டும் நசுங்கியோ வளைந்தோ இருந்தால், வண்டி முன்பக்கம் பலமாக அடிபட்டிருக்கலாம். பிறகு சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, பின்புறத்தை ஒருவர் அமுக்கிப் பிடிக்க, தூக்கிய முன்சக்கரத்தோடு ஹேண்டிலை மெதுவாக இடமும் வலமும் திருப்புங்கள். நேராக வரும் இடத்தில் லேசாகச் சிக்கி விடுபட்டால் கோன் செட், அதாவது ஹேண்டில் திரும்பும் பேரிங், தேய்ந்திருக்கிறது. அது மாற்றிவிடக்கூடிய சிறு செலவு. வளைந்த சட்டம் அப்படியல்ல. டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்களையும் பாருங்கள்: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத் தயாரிப்பு. 12,000 கிலோமீட்டர் மட்டுமே ஓடியதாகச் சொல்லும் வண்டியில், பதிவு நாளுக்கு வெகுநாள் பின்பு தயாரான டயர்கள் இரண்டும் இருந்தால் மீட்டரை நம்ப வேண்டாம்.

சென்னை, தூத்துக்குடி, நெல்லைப் பகுதி வண்டிகளில் இன்னொரு சோதனையும் தேவை. 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஏராளமான வண்டிகள் மூழ்கின. வெளியே எவ்வளவு பாலிஷ் போட்டாலும் சீட்டுக்கு அடியில் உள்ள வயரிங் கப்ளரைப் பிரித்துப் பார்த்தால், செம்பு முனையில் பச்சைக் களிம்பும் மூலையில் காய்ந்த வண்டலும் பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். இதற்கெல்லாம் பழக்கமான மெக்கானிக் ஒருவரை உடன் அழைத்துப் போவதும், அவருடைய நேரத்துக்கு உரிய கூலியைக் கொடுப்பதும் நல்லது.

ஆட்டோ கன்சல்டிங் கடையில் வாங்கினால், 2023 ஏப்ரல் 1 முதல் பழைய வண்டி வியாபாரிகளுக்கு நடைமுறையில் உள்ள பதிவு அதிகாரியின் அங்கீகாரச் சான்றிதழைக் கேட்டுப் பாருங்கள். கையெழுத்து மட்டும் போட்ட வெற்றுப் படிவங்களோடு பலர் கைமாறி வந்த வண்டி வேண்டாம். புதுச்சேரி, கர்நாடகப் பதிவெண் வண்டிகள் மலிவாகத் தோன்றினால், இங்கே கட்ட வேண்டிய ஆயுள் வரியையும் வண்டி பதிவான ஊரின் ஆர்.டி.ஓ. அலுவலகம் தரும் படிவம் 28 தடையின்மைச் சான்றுக்கான அலைச்சலையும் விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள். படிவம் 29, 30 இரண்டும் கையெழுத்தாகி, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க உங்களுக்கு 30 நாள் இருக்கிறது. இன்ஷூரன்ஸை உங்கள் பெயருக்கு மாற்ற 14 நாள்தான். பழைய உரிமையாளரின் தள்ளுபடி உங்களுக்கு வராது என்பதால், பிரீமியத்தில் வரும் வித்தியாசத்தையும் அப்போதே கட்டிவிட வேண்டியிருக்கும்.