மலை ஏரிக்குக் கடல் ரீல் எதற்கு?

ஊட்டிப் பக்கம் புதிதாகத் தூண்டில் பழகுகிறவர்கள் பெரும்பாலும் யூடியூபில் ‘பாட்டம் ஃபிஷிங்’ பார்த்துவிட்டுத்தான் தூண்டில் நரம்பைச் சுற்றும் ரீலை வாங்குகிறார்கள். அதில் காட்டுவது கடல். படகை நிறுத்தி, கால் கிலோ ஈயத்தை ஆழத்தில் இறக்கி, பாறைப் பொந்துக்குள் ஓடப் பார்க்கும் களவாயை ஒரே மூச்சில் மேலே இழுக்கிறார்கள். அதற்கு 8000 சைஸ் ரீலும் 15 கிலோ வரை இறுக்கிப் பிடிக்கும் டிராக் பிரேக்கும் வேண்டியதுதான். எமரால்டு அணைக்கரையில் உட்கார்ந்து 40 கிராம் ஈயம் கட்டி, பிண்ணாக்கு உருண்டை போடுகிறவருக்கு அது எதற்கு?

இங்கே அடியில் இருப்பது சேறும் களையும். மீன் பெரும்பாலும் கெண்டை. அதிலும் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பெரிய செதில் ஒட்டிய கண்ணாடிக் கெண்டை, 1939-ல் இலங்கையிலிருந்து கொண்டுவந்து ஊட்டியில் விடப்பட்ட இனம். சேற்றைக் கிளறி, இரையை உறிஞ்சிப் பார்த்து, பிடிக்கவில்லையென்றால் துப்பிவிடும். முள் குத்தியது தெரிந்ததும் ஒரே ஓட்டமாக ஓடும். ரீல் வாங்கும்போது இந்த இரண்டு குணத்தையும் நினைவில் வைத்துக்கொண்டால் பாதித் தவறு குறைந்துவிடும்.

முதல் தவறு, டிராக் எண்ணைப் பார்த்து மயங்குவது. டிராக் என்பது மீன் இழுக்கும்போது நரம்பை அளவாக விட்டுக்கொடுக்கும் பிரேக். நரம்பு அறுபடும் எடையில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை வைப்பது வழக்கம். 6 கிலோ தாங்கும் நரம்புக்கு ஒன்றரையிலிருந்து 2 கிலோ. அப்புறம் அந்த 15 கிலோவை எங்கே கொண்டுபோய் வைப்பது? கடையில் பார்க்க வேண்டியது அதிகபட்ச எண்ணை அல்ல, அது விட்டுக்கொடுக்கத் தொடங்கும் விதத்தை. நரம்பைக் கையால் மெல்ல இழுங்கள். வெண்ணெய் மாதிரி நழுவ வேண்டும். முதலில் முரண்டு பிடித்து, பிறகு ‘டக்’கென்று விட்டால் அந்த ரீல் வேண்டாம். கெண்டை ஓடத் தொடங்கும் அந்த முதல் நொடியில்தான் நரம்பு அறும்.

வீட்டுக்கு வந்ததும் ஒன்றரை லிட்டர் தண்ணீர் பாட்டிலை நிரப்பி, நரம்பு நுனியில் கட்டுங்கள். தூண்டில் கம்பான ராடில் மாட்டாமல் ரீலை மட்டும் கையில் பிடித்துத் தூக்குங்கள். டிராக் குமிழை ஒவ்வொரு கிளிக்காக இறுக்கிக்கொண்டே வந்தால், சரசரவென்று இறங்கிய பாட்டில் ஓரிடத்தில் தயங்கித் தயங்கி இறங்கும். அதுதான் சுமார் ஒன்றரை கிலோ. தராசு எதுவும் வாங்க வேண்டாம்.

அடுத்தது நான் செய்த தவறு. என் முதல் ராடு இன்னும் ஏதோ ஒரு அணைச் சேற்றில்தான் கிடக்கிறது. டிராகை நன்றாக இறுக்கி, ராடை இரண்டு கல்லுக்கு நடுவே சாய்த்துவிட்டு, பிளாஸ்கில் இருந்த டீயை ஊற்றத் திரும்பினேன். ‘சர்ர்’ என்று கல்லில் உரசும் சத்தம், திரும்பிப் பார்த்தால் ராடு தண்ணீருக்குள் போய்க்கொண்டிருக்கிறது. டீ டம்ளர் கையிலேயே இருந்தது.

அன்று என்னிடம் இல்லாதது ‘ஃப்ரீ ஸ்பூல்’ வசதி. ஷிமானோ தன் ரீல்களுக்கு வைத்த ‘பெயிட்ரன்னர்’ என்ற பெயரிலேயே பலர் கேட்கிறார்கள். ரீலின் பின்பக்கம் ஒரு சின்ன நெம்பு இருக்கும். அதைத் தள்ளிவிட்டால் நரம்பு சுற்றியிருக்கும் ஸ்பூல் லேசாகச் சுழலும், மீன் இரையோடு தாராளமாக ஓடலாம். கைப்பிடியைச் சுற்றியதும் உண்மையான டிராக் பிடித்துக்கொள்ளும். ஈயம் கட்டி அடியில் போட்டுக் காத்திருப்பவருக்கு நான் முதலில் சொல்லும் வசதி இதுதான். பேரிங் எண்ணிக்கையெல்லாம் அப்புறம்.

இந்த வசதி உள்ள ரீல் கொஞ்சம் கனம், விலையும் கூட. வாங்க முடியாவிட்டால் நரம்பை ஸ்பூலில் சுற்றிவிடும் வளைகம்பியைத் திறந்துவைத்து, நரம்பை ராடில் ஒரு ரப்பர் பேண்டுக்கு அடியில் லேசாகச் செருகிவையுங்கள். மீன் இழுத்தால் நழுவிவிடும். டிராகைத் தளர்த்தி வைத்துவிட்டு, மீன் ஓடும்போது இறுக்கிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். பதற்றத்தில் கை குமிழைத் தேடாது.

கியர் விகிதம்: 6.2:1 என்றால் கைப்பிடி ஒரு சுற்றுக்கு 6.2 சுற்று நரம்பு ஏறும். கேட்க நன்றாக இருக்கும், ஆனால் ஈயத்தோடு ஒரு கூடை களையும் சேர்ந்து வந்தால் மணிக்கட்டு சொல்லிவிடும். நமக்கு 5:1-ஐ ஒட்டி இருந்தால் போதும். பேரிங் விஷயத்தில், “பத்து பேரிங் அண்ணா” என்று கடைக்காரர் சொன்னால் சிரித்துவிட்டு வளைகம்பியின் முனையில் நரம்பு ஓடும் சின்ன உருளையை விரலால் உருட்டிப் பாருங்கள். அது சுழலாவிட்டால் நரம்பு முறுக்கிக்கொள்ளும். ஒன்பது பேரிங் வேறெங்கே இருந்து என்ன பயன்?

சைஸுக்கு 3000 அல்லது 4000 சரி. ஸ்பூலில் ‘0.30-180’ என்று எழுதியிருந்தால் 0.30 மி.மீ. நரம்பு 180 மீட்டர் கொள்ளும் என்று பொருள். பெரிய கடல் ஸ்பூலில் மெல்லிய நரம்பைக் கொஞ்சமாகச் சுற்றினால் விளிம்பு உயர்ந்து நின்று, வீசும்போது நரம்பு அதில் உரசித் தூரம் குறையும். விளிம்புக்கு 2 மி.மீ. கீழே வரை நிரப்புங்கள். வழிய வழிய நிரப்பினால் வளையம் வளையமாகக் கொட்டிச் சிக்கும். பின்னல் நரம்பு போடுகிறவர்கள் அடியில் சில சுற்று நைலான் சுற்றாவிட்டால், மொத்தச் சுற்றும் ஸ்பூலில் வழுக்கும். டிராக் கெட்டுப்போய்விட்டது என்று ரீலைக் கழற்றியவர்களும் உண்டு.

டிரவுட் ஆசையில் வருகிறவர்களுக்கு இதெல்லாம் பொருந்தாது, அது வேறு ரீல், வேறு வித்தை. எதற்கானாலும் மீன்வளத் துறையின் அனுமதி வாங்கிவிட்டுத்தான் கரைக்குப் போக வேண்டும்.

டிசம்பர், ஜனவரி உறைபனிக் காலையில் கெட்டி கிரீஸ் போட்ட ரீல் ஆட்டுக்கல் மாதிரி சுற்றும். அது ரீலின் குற்றமல்ல, கிரீஸை அள்ளிப் பூசியவரின் குற்றம். பனியில் நனைந்த ரீலை அப்படியே பையில் போட்டு மூடாமல், துடைத்து நிழலில் ஆறவிடுங்கள். எடுத்து வைக்கும் முன் டிராக் குமிழை முழுக்கத் தளர்த்திவிடுங்கள். உள்ளே இருக்கும் ஃபெல்ட் வாஷர் மாதக்கணக்கில் அழுந்திக் கிடந்தால், அடுத்த சீசனில் அதே ‘டக்’ வந்துவிடும்.