வால்பாறைக்கு வர்றவங்க, இங்கயே தங்கிடலாம்னு நெனக்கிறவங்க செய்யுற தப்புகள்

காடு, பறவை, நடைன்னு பைத்தியமா இருக்கிறவங்களுக்கு கோயமுத்தூர் மாவட்டத்து மலை ஊரான வால்பாறைய ஒரு தடவ பாத்தா போதும், மனசு இங்கயே நின்னுடும். எனக்கும் அப்படித்தான் ஆச்சு, லீவுக்கு லீவு வந்து போயி கடைசில வீடு எடுத்துத் தங்கி நாலு வருஷம் ஆகுது. இந்த நாலு வருஷத்துல வர்றவங்க திரும்பத் திரும்ப அதே தப்பப் பண்றதப் பாக்குறேன், சிலது உயிர் போற அளவுக்கான தப்பு, அதான் எழுதணும்னு தோணுச்சு.

மொத தப்பு நேரக்கணக்கு. பொள்ளாச்சிலேர்ந்து 64 கிலோமீட்டர்தானே, ஒண்ணேகால் மணி நேரத்துல ஏறிடலாம்னு மத்தியானம் சாப்பிட்டு மெதுவா கெளம்புறாங்க. ஆழியார் தாண்டினா 40 கொண்டை ஊசி வளைவு இருக்குங்க, நடுவுல வரையாடு நிக்கும், பஸ்சு எறங்கும், பனி மூடிடும், ரெண்டரை மணி நேரம் வச்சுக்கிட்டா நிம்மதியா வரலாம். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல சுற்றுலா வண்டிய செக்போஸ்ட்ல விடமாட்டாங்க. 2025 நவம்பர்லேர்ந்து இ-பாஸ் வேற கேக்குறாங்க, வீட்லயே போட்டுட்டு வந்துடுங்க, செக்போஸ்ட் வாசல்ல சிக்னல் தேடிக்கிட்டு நிக்காதீங்க. மளுக்கப்பாறை வழியா கேரளாவுல இருக்கிற அதிரப்பள்ளி போற பிளான் இருந்தாலும் இதே கதைதான், ரெண்டு பக்கமும் செக்போஸ்ட், நேரம் தவறினா திரும்பத்தான் வேணும்.

ஏறுறத விட எறங்குறதுதான் ஆபத்து. கியர் இல்லாத ஸ்கூட்டர்ல ரெண்டு பேரு உக்காந்து பிரேக்க மட்டும் நம்பி எறங்குறாங்க, பாதி மலை வர்றதுக்குள்ள பிரேக் சூடாகி பிடிக்காமப் போயிடும். கார்ல வந்தாலும் எந்த கியர்ல ஏறுனீங்களோ அதே கியர்ல எறங்குங்க, நியூட்ரல் போட்டு பெட்ரோல் மிச்சம் பண்ண வேண்டிய எடம் இது இல்ல. ஏறி வர்ற வண்டிக்கு வழி விடணும். பனிமூட்டத்துல ஹைபீம் போட்டா வெளிச்சம் திரும்பி நம்ம கண்ணுலயேதான் அடிக்கும்.

இப்ப யானை விஷயம். இத கொஞ்சம் நிதானமா படிங்க.

வால்பாறை மேட்டு நெலம் கிட்டத்தட்ட 220 சதுர கிலோமீட்டர், பெரும்பாலும் தேயிலை, நடுநடுவுல துண்டு துண்டா சோலைக்காடு, சுத்தி ஆனைமலை புலிகள் காப்பகம். யானைக்கு இது எல்லாமே ஒரே வழிதான். ஒரு காட்டுலேர்ந்து இன்னொரு காட்டுக்குப் போக ராத்திரில தேயிலைக்குள்ள எறங்கி, ரோட்ட தாண்டி, எஸ்டேட்ல வேலை செய்யுறவங்க இருக்கிற லயன் வீட்டு (வரிசை வீட்டு) ஓரமா நடந்து போகும். இங்க யானையால இறந்தவங்கள்ல நெறைய பேரு அதச் சீண்டப் போனவங்க இல்ல, டவுன்ல சாமான் வாங்கிட்டு இருட்டுல வீட்டுக்கு நடந்து போனவங்க, பக்கத்துல யானை நிக்குதுன்னே தெரியாதவங்க. அதனாலதான் இங்க வேலை செய்யுற காட்டுயிர் ஆராய்ச்சிக்காரங்களும் வனத்துறையும் சேந்து ஒரு ஏற்பாடு பண்ணாங்க, இன்னைக்கு யானை எந்த எஸ்டேட்ல இருக்குன்னு எஸ்எம்எஸ் வரும், லோக்கல் கேபிள் டிவில ஓடும், முக்கியமான எடங்கள்ல கம்பத்து மேல செவப்பு லைட் மின்னும். அந்த லைட்ட ஊர்க்காரங்களே போன்ல ஆன் பண்ண முடியும்.

நான் வந்த புதுசுல ஒரு சாயங்காலம் ஆறரை மணி இருக்கும், டீக்கடைல கிளாஸ வச்சுட்டுக் கெளம்புறேன், வீடு ஒரு கிலோமீட்டர் கூட இல்ல. கடைக்கார அக்கா வெளிய எட்டிப் பாத்துட்டு, "தம்பி, லைட் எரியுது பாருங்க, உக்காருங்க, அப்புறம் போலாம்"னாங்க. எனக்கு ஒண்ணுமே தெரியல, ஒரு சத்தம் கூட இல்ல. பத்து நிமிஷம் கழிச்சு கீழ மேட்டுல கெளை ஒடியுற சத்தம், அப்புறம் தேயிலைச் செடி உரசுற மாதிரி ஒரு சரசரப்பு, வளைவுக்கு அந்தப் பக்கம் மூணு யானை ரோட்ட தாண்டுச்சு, நடுவுல ஒரு குட்டி. அவ்வளவு பெரிய உடம்பு, காலடிச் சத்தமே கேக்கல. அந்த நேரத்துக்கு நான் அதே வளைவுலதான் நடந்துக்கிட்டு இருந்திருப்பேன். அன்னைலேர்ந்து அந்த அக்கா "போலாம்"னு சொன்னாத்தான் போவேன்.

2025 பிப்ரவரில பைக்ல வந்த ஒரு ஜெர்மனி நாட்டுப் பெரியவர் இங்க யானை தாக்கி இறந்துபோனார். ரோட்டோரமா யானை நிக்குதுன்னு மத்த வண்டியெல்லாம் தள்ளி நிறுத்தியிருந்தாங்க, அவரு அதக் கடந்து போகப் பாத்தார். முன்னாடி வண்டி நின்னா நீங்களும் நிறுத்துங்க, ஹாரன் அடிக்காதீங்க, எறங்கி செல்ஃபி எடுக்காதீங்க, பின்னாடி எடுக்க எடம் விட்டு நில்லுங்க. "நைட் சஃபாரி கூட்டிட்டுப் போறோம்"னு யாராவது ஜீப்போட வந்தா வேண்டாம்னு சொல்லிடுங்க, அது சட்டப்படி தப்பு, ராத்திரில ஸ்பாட் லைட் அடிச்சு வெரட்டின மிருகம் மறுநாள் விடியக்காலைல கொழுந்து எடுக்கப் போற அம்மாக்கள் முன்னாடிதான் போயி நிக்கும்.

அடுத்தது தண்ணி. கூழாங்கல் ஆத்துல முழங்கால் தண்ணில விளையாடுறதப் பாத்துட்டு எல்லா ஆறும் இப்படித்தான்னு நெனச்சுடுறாங்க. 2023 அக்டோபர்ல சோலையாறு எஸ்டேட் பக்கம் நல்லகாத்து ஆத்துல குளிக்க எறங்கின அஞ்சு காலேஜ் பசங்க ஒரே நேரத்துல போயிட்டாங்க, ஊரே அழுதுச்சு. மேல இருந்து பாத்தா அமைதியா இருக்கும், பாறைக்கு நடுவுல திடீர்னு ஆள் ஆழத்துக்கு மேல குழி, கீழ சுழி. உங்க தலைக்கு மேல வெயில் அடிக்கிறப்போ மேல மலைல மழை கொட்டிக்கிட்டு இருக்கலாம். ஒருத்தர் மாட்டிக்கிட்டா அடுத்தவங்க குதிக்காதீங்க, வேட்டி துண்டு கயிறு எது இருக்கோ அத வீசுங்க. அந்த ஊர்ப் பசங்க எந்த எடத்துல குளிக்கலயோ அந்த எடத்துல நாமளும் குளிக்கக்கூடாது, அவ்வளவுதான் எனக்குத் தெரிஞ்ச ரூலு.

தேயிலைக்குள்ள எறங்கி நடக்குறது பாக்க அழகுதான். ஆனா அது தனியார் எடம், கேக்காம போகக்கூடாது, பூச்சி மருந்து அடிச்சிருப்பாங்க, ரத்தம் உறிஞ்சுற அட்டை இருக்கும், செடி மறைவுல காட்டுமாடு படுத்திருந்தா அஞ்சடி பக்கத்துல போற வரைக்கும் தெரியாது. இன்னொண்ணு, கொழுந்து எடுக்குறவங்கள ஒரு வார்த்த கேக்காம போட்டோ எடுக்குறது. மழைல நனைஞ்சு, முதுகுல பைய சுமந்துக்கிட்டு, எடை கம்மியாயிடக்கூடாதேன்னு கை ஓடிக்கிட்டு இருக்கும், அவங்களுக்கு அது வேலை செய்யுற எடம். மொதல்ல ரெண்டு வார்த்த பேசுங்க, "எடுக்கலாமா அக்கா"ன்னு கேளுங்க, பெரும்பாலும் சிரிச்சுக்கிட்டே சரின்னு சொல்லுவாங்க.

புதுத்தோட்டம் பக்கம் ரோட்டோரமா சிங்கவால் குரங்கு கூட்டம் இருக்கும், மேற்குத் தொடர்ச்சி மலைய விட்டா உலகத்துல வேற எங்கயும் இல்லாத ஜீவன். ஒரு பாக்கெட் சிப்ஸ் போட்டா போதும், அது மரத்துலேர்ந்து ரோட்டுக்கு எறங்கப் பழகிடும், அப்புறம் வண்டில அடிபடும். அதுங்க ரோட்டுக்கு மேலயே கடந்து போகட்டும்னு மரத்துக்கு மரம் பாலம் கட்டி வச்சிருக்காங்க, நம்ம ஒரு வாழைப்பழம் அந்த உழைப்பக் கெடுத்துடும். பறவை பாக்குறவங்களுக்கும் ஒண்ணு சொல்லணும், இருவாட்சி (பெரிய அலகு இருக்கிற பறவை) பொந்துல கூடு வச்சிருக்கிற மரத்தடில கூட்டமா நிக்காதீங்க. பொட்டை உள்ள அடைஞ்சு வாசல மூடிக்கிட்டு உக்காந்திருக்கும், ஆண் கொண்டு வர்ற பழம்தான் தாய்க்கும் குஞ்சுக்கும் சாப்பாடு, நாம கீழ நின்னா அது கிட்ட வராம சுத்திக்கிட்டே இருக்கும். ஸ்பீக்கர்ல பறவைச் சத்தம் போட்டுக் கூப்புடுறதும் வேண்டாம்.

டிரெக்கிங். அக்காமலை புல்மலைக்கு யாரோ ஒருத்தர் வழி காட்டுறேன்னு சொன்னார்னு கெளம்பிடாதீங்க, அது காப்பகத்தோட உள்பகுதி, அனுமதி இல்லாம கால வைக்கக்கூடாது. 2018 மார்ச்ல தேனி குரங்கணில காட்டுத்தீல மாட்டி எத்தன பேரு போனாங்கன்னு மறந்திருக்க மாட்டீங்க, அதுக்கப்புறம்தான் மலையேற்றத்துக்குன்னே தனியா விதிமுறை வந்துச்சு. 2024லேர்ந்து அரசே வழிகாட்டியோட 40 பாதைல கூட்டிட்டுப் போகுது, அதுல புக் பண்ணிக்கோங்க.

இனி தங்கிடலாம்னு நெனக்கிறவங்களுக்கு. ஜனவரில வந்து நீல வானத்தப் பாத்துட்டு வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்காதீங்க. சூன், சூலைல வந்து ஒரு மாசம் வாடகைக்கு இருந்து பாருங்க. பக்கத்துல சின்னக்கல்லாறு தமிழ்நாட்டுலயே அதிகமா மழை பெய்யுற எடங்கள்ல ஒண்ணு, தென்மேற்குப் பருவமழை பிடிச்சா நாள் கணக்கா வெயிலே தெரியாது. துணி காயாது, அரிசி கட்டி புடிக்கும், பெல்ட்டு செருப்பு எல்லாம் பச்சையா பூத்துப் போகும். எங்கிட்ட இருந்த பைனாகுலர மொத மழைக்காலம் முழுக்க பைக்குள்ளயே வச்சிருந்தேன், எடுத்துப் பாத்தா லென்ஸுக்கு உள்ள சிலந்தி வலை மாதிரி பூஞ்சை ஓடியிருக்கு, தொடச்சாலும் போகல. இப்ப காத்து புகாத டப்பால ஈரத்த உறிஞ்சுற சிலிக்கா ஜெல் போட்டுத்தான் வைக்கிறேன். மரம் விழுந்தா கரண்டு போகும், அன்னைக்கே வரும்னு சொல்ல முடியாது. அட்டைக்கு உப்பும் மூக்குப்பொடியும் வாசப்படிலயே இருக்கணும்.

எடம் வாங்குறதுல அவசரம் கூடவே கூடாது. இங்க பெரும்பாலான நெலம் எஸ்டேட் கம்பெனிங்க கைல, லயன் வீடு அங்க வேலை செய்யுறவங்களுக்கானது, மிச்சம் இருக்கிறது கொஞ்சம்தான். "எஸ்டேட் ஓரமா சீப்பா ஒரு எடம் இருக்கு"ன்னு புரோக்கர் சொன்னா பட்டாவையும் வில்லங்கத்தையும் நீங்களே தாலுகா ஆபீஸ், ரிஜிஸ்டர் ஆபீஸ்ல பாருங்க. வீட்டச் சுத்தி புதர வளர விடாதீங்க, கோழியும் நாயும் ராத்திரில வெளிய இருந்தா சிறுத்தை தேடி வரும். லயன் பக்கம் சின்னக் கொழந்தைங்கள சிறுத்தை தூக்கிட்டுப் போன வீடுங்க இருக்கு, இருட்டினதும் தாய்மாருங்க ஏன் அவ்வளவு பதறிப்போயி பிள்ளைங்கள உள்ள கூப்புடுறாங்கன்னு இங்க இருந்தாத்தான் புரியும்.

ஆஸ்பத்திரி கணக்கையும் இப்பவே போட்டுக்கோங்க. டவுன்ல கவர்மென்ட் ஆஸ்பத்திரி இருக்கு, பெரிய பிரச்சனைன்னா பொள்ளாச்சி, அதுக்கும் மேலன்னா கோயமுத்தூர். நெஞ்சு வலிக்காரங்கள அந்த 40 வளைவுலயும் எறக்கித்தான் ஆகணும். அப்பா அம்மாவக் கூட்டிட்டு வர்றதா இருந்தா மாத்திரை ரெண்டு மாசத்துக்கு கைல இருக்கட்டும், ராத்திரில கூப்புட்டா வர்ற ரெண்டு டிரைவர் நெம்பர் சுவத்துல எழுதி இருக்கட்டும். எங்க வீட்ல அடுப்பு பக்கத்துல கரித்துண்டுல எழுதி வச்சிருக்கோம், அதுக்குக் கீழ டீக்கடை அக்கா நெம்பரும் இருக்கு.