தாஜ் மஹாலை மூன்று மணி நேரத்தில் முழுசாகப் பார்ப்பது எப்படி?

1. நாள், நேரம்

வெள்ளிக்கிழமை தாஜ் மஹாலுக்கு விடுமுறை. மற்ற நாட்களில் சூரிய உதயத்துக்கு அரை மணி முன் திறந்து, அஸ்தமனத்துக்கு அரை மணி முன் மூடுவார்கள். விடிகாலைதான் சிறந்தது. டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் மட்டும் பத்து மணிக்கு மேல் போங்கள், அதற்கு முன் மூடுபனியில் குவிமாடமே கண்ணில் படாமல் போகலாம்.

சென்னையிலிருந்து தமிழ்நாடு எக்ஸ்பிரஸ், கிராண்ட் டிரங்க் இரண்டுமே ஆக்ரா கண்டோன்மென்ட்டில் நிற்கும். டெல்லி போய்த் திரும்பி வர வேண்டியதில்லை. முதல் நாள் இரவே ஆக்ராவில் தங்கிவிடுங்கள்.

2. டிக்கெட் (அதிகம் பேர் ஏமாறும் இடம்)

டிக்கெட்டில் இரண்டு பகுதி. இந்தியர்களுக்கு நுழைவுக் கட்டணம் 50 ரூபாய். கல்லறை இருக்கும் பளிங்கு மேடையில் ஏற இன்னொரு 200 ரூபாய். ஆன்லைனில் பதிவு செய்யும்போது இந்த இரண்டாவதைத் தேர்ந்தெடுக்க மறந்தால், தோட்டத்தில் நின்று பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். இவ்வளவு தூரம் போய் 200 ரூபாயை மிச்சம் பிடிக்காதீர்கள். 15 வயதுக்குக் கீழே இலவசம்.

தொல்லியல் துறைத் தளத்தில் முன்பே வாங்கி, க்யூஆர் கோடை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். அடையாள அட்டையும் கையில் இருக்கட்டும். டிக்கெட் மூன்று மணி நேரத்துக்குத்தான் செல்லும்.

3. எந்த வாசல்?

உள்ளே போக கிழக்கு, மேற்கு இரண்டும்தான். தெற்கு வாசல் வெளியே வருவதற்கு மட்டும். கிழக்கு வாசலுக்கான டிக்கெட் கவுன்டர் வாசலில் இல்லை. சுமார் ஒரு கிலோமீட்டர் தள்ளி ஷில்ப்கிராமில் இருக்கிறது. பெட்ரோல், டீசல் வண்டிகளுக்கு அருகில் அனுமதி கிடையாது. அங்கிருந்து பேட்டரி வண்டி உண்டு, நடந்தும் போகலாம்.

4. சோதனை வரிசை

ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி வரிசை, அதனால் டிக்கெட்டை ஒருவரே வைத்துக்கொள்ள வேண்டாம். சாப்பாடு, புகையிலை, ட்ரைபாட், சார்ஜர், கத்தி, பெரிய பை எதற்கும் அனுமதியில்லை. பிடிபட்டால் லாக்கரில் வைத்துவிட்டு வரிசையின் கடைசிக்குப் போக வேண்டியிருக்கும். மொபைல், பர்ஸ், சிறிய தண்ணீர் பாட்டில் போதும்.

5. முதலில் கல்லறை, பிறகு போட்டோ

விடிகாலையில் உள்ளே வருகிறவர்கள் எல்லோரும் நுழைவு மண்டபத்திலும் குளக்கரையிலும் போட்டோவுக்கு நிற்பார்கள். நீங்கள் நிற்காமல் நேராகக் கல்லறைக்குப் போங்கள். நேரம் ஏற ஏற வரிசை மேடையையே சுற்றி வளைத்துவிடும். செருப்பைக் கழற்றியோ, மேலே துணி உறை மாட்டியோ ஏறலாம். உள்ளே போட்டோ எடுக்கக் கூடாது.

மும்தாஜ் 1631இல் புர்ஹான்பூரில், பதினான்காவது பிரசவத்தில் இறந்தார். அடுத்த ஆண்டே வேலை தொடங்கியது. உள்ளே அவருடைய கல்லறைப் பீடம் நட்டநடுவில் இருக்கும். 1666இல் இறந்த ஷாஜஹானின் பீடம் அதற்கு மேற்கே, சற்றுப் பெரிதாக ஒதுங்கி நிற்கும். இடமும் வலமும் ஒன்றுபோல் அமைந்த அந்தக் கட்டடத்தில் பளிச்சென்று தெரியும் ஒழுங்குமீறல் இது ஒன்றுதான். உண்மையான சமாதிகள் கீழ் அறையில் உள்ளன. ஷாஜஹானின் உர்ஸ் (நினைவுநாள் விழா) நாட்களில் மட்டுமே திறப்பார்கள்.

பீடங்களைச் சுற்றியுள்ள எண்கோணப் பளிங்குத் திரையின் அருகே போய் ஒரே ஒரு பூவை மட்டும் பாருங்கள். வண்ணம் தீட்டியது அல்ல. மக்ரானா பளிங்கில் குழி தோண்டி, அதற்கு அச்சாக வெட்டிய கற்களைப் பதித்திருக்கிறார்கள். ஒரே இதழில் கார்னீலியன் கல்லின் செந்நிறம் அடர்த்தியிலிருந்து வெளிறிப் போவதைக் காணலாம். வேலை முடிந்ததும் கைவினைஞர்களின் கைகளை ஷாஜஹான் வெட்டிய கதையை வழிகாட்டிகள் இங்கேதான் சொல்வார்கள். அதற்கு எந்த ஆதாரமும் இல்லை. சுவரிலுள்ள குர்ஆன் வரிகளை எழுதிய அமானத் கான் தன் பெயரையே உள்ளே பொறித்திருக்கிறார்.

6. வெளிச்சம் பார்த்து நகருங்கள்

வெளியே வந்ததும் வடக்குப் பக்கம் போய் யமுனையைப் பாருங்கள். மற்ற முகலாயச் சமாதிகளைப் போல இது தோட்டத்தின் நடுவில் இல்லாமல் ஆற்றோரம் ஏன் இருக்கிறது என்பதற்கான விடை எதிர்க்கரையில் தெரியும்: மெஹ்தாப் பாக் தோட்டம் தாஜின் நேர்க்கோட்டிலேயே அமைந்திருக்கிறது, அதையும் சேர்த்துப் பார்த்தால் தாஜ் நடுவில்தான் வருகிறது. ஷாஜஹான் தனக்காகக் கறுப்பு தாஜ் ஒன்றைக் கட்டத் தொடங்கிய இடம் என்ற பேச்சும் அந்தத் தோட்டத்தைப் பற்றியதுதான். அகழ்ந்தபோது கிடைத்தது எண்கோணக் குளம்.

போட்டோவுக்குக் காலையில் கிழக்கே உள்ள ஜவாப் (மசூதிக்கு இணையாகக் கட்டிய கட்டடம்), மாலையில் மேற்கே உள்ள மசூதி. மாற்றிப் போனால் வெயில் எதிரே அடித்து, தாஜ் இருண்டு விழும். குளத்தில் பிம்பம் வேண்டுமென்றால் நீரூற்றுகள் ஓடாத நேரம் பார்த்து எடுங்கள்.

கூடுதலாக: இரவுக் காட்சி

பௌர்ணமியும் அதற்கு முன்னும் பின்னும் இரண்டிரண்டு நாட்களும் உண்டு. வெள்ளியும் ரம்ஜான் மாதமும் நீங்கலாக. தனி டிக்கெட், முன்பதிவு அவசியம், அரை மணி நேரம் மட்டும். தொலைவில் நின்றே பார்க்கலாம், கல்லறைக்கு விடமாட்டார்கள். அதனால் பகல் டிக்கெட்டும் சேர்த்தே எடுங்கள்.