ஆத்தா எங்கே உட்கார்ந்தால் குளிர்ச்சி? இரண்டு வெப்பமானியும் ஒரு கட்டத்தாளும்

சித்திரை பிறந்தால் எங்கள் வீட்டில் ஒரே வாக்குவாதம். கானாடுகாத்தானில் ஐயா காலத்து வீடு. ஆத்தாவுக்கு 78 வயது. முகப்புத் திண்ணையை விட்டு நகர மாட்டார். "இங்கனதான் காத்து வருது" என்பது அவர் கட்சி. "அனலடிக்குது ஆத்தா, வளவுக்குள்ள போங்க" என்பது அண்ணன் கட்சி. வளவு என்றால் முகப்பைத் தாண்டி உள்ளே, முற்றத்தைச் சுற்றியிருக்கும் பகுதி. போன கோடையில் ஒரு மதியம் ஆத்தா தலை சுற்றித் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்தேன். இனிமேல் வாய்ப்பேச்சு உதவாது, அளந்து பார்த்துவிட வேண்டியதுதான் என்று முடிவு செய்தேன். காரைக்குடியில் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறவள் நான். என் வீட்டுக் கேள்விக்கே கணக்கு போடாமல் இருந்தது மனதை உறுத்தியது.

உங்கள் வீட்டிலும் இதைச் செய்யலாம். கம்ப்யூட்டர் வேண்டாம். இரண்டு வெப்பமானி, ஒரு நோட்டு, கட்டத்தாள், பென்சில் போதும்.

முதலில் கேள்வியைச் சிறிதாக்குங்கள். "வீடு குளிர்ச்சியா?" என்று கேட்டால் எதை அளப்பது? "காலை 6, மதியம் 3, இரவு 10 மணிக்குத் திண்ணையில் எத்தனை டிகிரி, வளவில் எத்தனை டிகிரி?" இதற்குப் பதில் உண்டு.

அடுத்து, வாங்கிய வெப்பமானிகளை உடனே நம்பிவிடாதீர்கள். இரண்டையும் ஒரே மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அரை மணி நேரம் விடுங்கள். என்னிடம் இருந்தவற்றில் ஒன்று எப்போதும் ஒரு டிகிரி கூடுதலாகக் காட்டியது. அதில் ஒன்றைக் கழித்தே எழுதினேன். ஒரு வாரம் கழித்து இரண்டையும் இடம் மாற்றியும் வைத்தேன். இதைச் செய்யாமல் விட்டிருந்தால் கருவியின் குறை வீட்டின் குணமாகத் தெரிந்திருக்கும். வெயில் நேரே படாமல், சுவரைத் தொடாமல், உட்கார்ந்தவர் தலை உயரத்தில் தொங்கவிடுங்கள்.

எழுதுவதில் ஐயாதான் எனக்கு வழிகாட்டி. பர்மாவுக்குக் கொண்டுவிற்க, அதாவது வணிகம் செய்ய, போன அவருடைய சிட்டாவும் (அன்றாடக் கணக்கு நோட்டு) பேரேடும் இன்னும் பெட்டகத்தில் இருக்கின்றன. அன்றைய வரவை அன்றே எழுதியிருப்பார். நானும் அப்படியே: தேதி, மணி, இடம், டிகிரி, கடைசியில் ஒரு குறிப்பு. மழையா, கரண்ட் இல்லையா, காற்று இருந்ததா? வெப்பமானிக்குக் காற்று தெரியாது, ஆத்தாவின் உடம்புக்குத் தெரியும். அதனால் அந்தக் குறிப்பு இல்லாமல் அவர் கட்சிக்கு நியாயம் செய்ய முடியாது.

பதினைந்து நாள் ஆனதும் கூட்டி வகுக்கக் கை துறுதுறுக்கும். பொறுங்கள், முதலில் வரைய வேண்டும். திண்ணையில் மதியம் 3 மணிக்கு வந்த எண்கள் இவை: 39, 38, 38, 37, 38, 30, 39, 38, 37, 38, 39, 36, 38, 37, 38. ஒரு கோடு கிழித்து அதன் கீழே 30 முதல் 39 வரை எழுதுங்கள். ஒவ்வொரு நாளுக்கும் அந்த எண்ணுக்கு மேல் ஒரு புள்ளி. அதே எண் மறுபடி வந்தால் புள்ளிக்கு மேல் புள்ளி. ஆத்தா எட்டிப் பார்த்து, "என்னடி, நடுவீட்டுக் கோலத்துக்குப் புள்ளி வைக்கிறியா?" என்றார். அப்புறம் அவரே விரலை வைத்துக் கேட்டார்: "இது ஏன் தனியா கிடக்கு?"

அது 30. கோடை மழை கொட்டிய நாள். இப்படித் தனியே நிற்கும் புள்ளியை அழிக்காதீர்கள். காரணத்தை எழுதி வையுங்கள். ஆனால் அது சராசரியை என்ன செய்கிறது என்று பாருங்கள்: 15 எண்களின் கூட்டுத்தொகை 560, சராசரி 37.3. வரிசைப்படுத்தி நடுவில், அதாவது எட்டாவதாக, நிற்கும் எண்ணை எடுத்தால் 38. இதுதான் இடைநிலை. ஒரே ஒரு மழைநாள் சராசரியைக் கீழே இழுத்துவிட்டது, இடைநிலை அசையவில்லை. வழக்கமான மதியம் எப்படி இருக்கும் என்பதுதான் என் கேள்வி என்பதால் இடைநிலையையே எடுத்துக்கொண்டேன்.

மூன்று வேளைக்கும் இடைநிலை எடுத்தபோது திண்ணை 28, 38, 31. வளவு 31, 33, 32. இப்போது இவற்றைக் கூட்டி வகுத்தால் திண்ணைக்கு 32.3, வளவுக்கு 32. "பார்த்தியா, ரெண்டும் ஒண்ணுதான்" என்று ஆத்தா சொல்லியிருக்கலாம். கட்டத்தாளில் வரைந்தால் திண்ணைக் கோடு மலை மாதிரி ஏறி இறங்குகிறது, வளவுக் கோடு ஏறக்குறைய படுத்தே கிடக்கிறது. பத்து டிகிரி ஏற்ற இறக்கம் ஒன்றில், இரண்டு டிகிரி மற்றதில். தடித்த சுவர் பகல் சூட்டை மெல்ல வாங்கி மெல்ல விடுவதால்தான் இப்படி. வளவு பகலில் காப்பாற்றுகிறது, விடியற்காலையில் திண்ணையை விடச் சூடாக இருக்கிறது. ஆக, இருவர் சொன்னதும் சரி, வேளைதான் வேறு.

1973-இல் பிரான்சிஸ் ஆன்ஸ்கோம் என்ற புள்ளியியலாளர் இதையே அழகாகக் காட்டினார். நான்கு எண் தொகுப்புகள், ஒவ்வொன்றிலும் 11 புள்ளிகள், சராசரியும் பரவலும் ஏறத்தாழ ஒன்றே. வரைந்தால் நான்கும் நான்கு உருவம். என் மாணவர்களை அதைக் கையால் வரையச் சொல்வேன்.

வரையும்போது ஒரு கவனம். கோட்டுப் படத்தில் அச்சு 25-இல் தொடங்கலாம், தவறில்லை. தூண் படம் என்றால் சுழியத்திலிருந்தே தொடங்க வேண்டும். இல்லாவிட்டால் சின்ன வித்தியாசம் மலையாகத் தெரியும்.

சரி, ஆத்தா எத்தனை மணிக்கு உள்ளே போக வேண்டும்? படத்தில் இரு கோடுகளும் வெட்டிக்கொள்ளும் இடம் அதைச் சொல்லும். ஆனால் 6 மணிக்கும் 3 மணிக்கும் நடுவே நான் அளக்கவில்லை, அங்கே இருப்பது நான் இழுத்த கோடுதான். அதனால் இன்னும் மூன்று நாள் மணிக்கொரு தரம் அளந்தேன். காலையில் எட்டரைக்கும் ஒன்பதுக்கும் நடுவில் கோடுகள் வெட்டின. ராத்திரி ஒன்பதை ஒட்டி மறுபடியும். இது எங்கள் வீட்டுக் கணக்கு. உங்கள் வீடு பார்த்த திசை வேறாக இருக்கலாம், முற்றத்துக்குத் தகரம் போட்டிருக்கலாம். உங்கள் எண்ணை நீங்கள்தான் எடுக்க வேண்டும்.

கட்டத்தாளைத் திண்ணைத் தூணில் ஒட்டியிருக்கிறேன். எட்டரை ஆனதும் ஆத்தா அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு, வெற்றிலைப் பெட்டியை எடுத்துக்கொண்டு தானே வளவுக்குள் போகிறார்.