பள்ளம் தோண்டிய தெருவுக்கு எதைச் சொல்ல வேண்டும்? மேம்பாட்டுப் பணி விளம்பரங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் தெருவில் பாதாளச் சாக்கடைக்காகப் பள்ளம் தோண்டியபோது, முனையில் ஆளுயரத்துக்கும் மேலாக ஒரு ஃபிளெக்ஸ் வைத்தார்கள். ஆறு முகங்கள், திட்ட மதிப்பீடு, நன்றி. பள்ளத்தை எப்போது மூடுவார்கள், தண்ணீர் லாரி எங்கே நிற்கும், ராத்திரியில் யாருக்காவது மூச்சுத் திணறினால் ஆம்புலன்ஸ் எந்தச் சந்து வழியாக வரும் என்பதற்கு ஒரு வரி கிடையாது. எதிரே இருந்த டீக்கடைக்காரர் வடை விலை எழுதும் கரும்பலகையைத் துடைத்துவிட்டு, ‘கார் போகாது. டூவீலர் பின்சந்து வழி. வெள்ளி வரை’ என்று சாக்பீஸால் எழுதி வைத்தார். மூன்று வாரம் எங்களுக்குச் செய்தி சொன்னது அந்தப் பலகைதான். ‘வெள்ளி’யை அழித்து அழித்து மாற்றியதில் அந்த இடம் மட்டும் வெளுத்துப்போயிருந்தது.

மாநகராட்சியோ பேரூராட்சியோ, தன் பணியை மக்களிடம் சொல்ல நினைக்கும்போது அந்தக் கரும்பலகையைத்தான் மனதில் வைக்க வேண்டும் என்பேன். தோண்டிய தெருவில் குடியிருப்பவரின் அன்றைய நாளுக்கு உதவும் செய்தியே நல்ல விளம்பரம்.

பெரும்பாலும் நடக்கும் தவறு, அடிக்கல்லுக்கும் திறப்பு விழாவுக்கும் நடுவே ஊமையாகிவிடுவது. ஸ்மார்ட் சிட்டித் திட்டத்துக்கு மதுரை 2016இல் தேர்வானது. அதன்பின் மாசி வீதிகளிலும் பெரியார் பேருந்து நிலையத்திலும் பெரிய வேலைகள் நடந்தன. கீழமாசி வீதி மொத்த வியாபாரம் நடக்கும் இடம். லாரி உள்ளே வர முடியாத நாளில் கடைக்காரருக்கு மட்டுமா நஷ்டம்? மூட்டை சுமப்பவருக்கும் அன்றைக்குக் கூலி போகிறது. அப்படிப்பட்ட வீதியில் வாரம் ஒரு தாள் போதும்: இந்த வாரம் எந்தக் கடையிலிருந்து எந்தக் கடை வரை வேலை, சரக்கு இறக்க எந்த நேரம் வழி கிடைக்கும், பொறுப்பான உதவிப் பொறியாளரின் அலுவலக எண் என்ன. அதைக் கடைக் கடையாகக் கொடுத்துச் சுவரிலும் ஒட்டலாம். தாமதமானால் தாமதம் என்றே எழுதுங்கள். பழைய ஊரில் மண்ணைத் தோண்டினால் எதிர்பாராத குழாய் குறுக்கே வரும்; மதுரைக்காரர்களுக்கு அது புரியும். காரணம் தெரியாமல் காத்திருப்பதுதான் கோபத்தைக் கிளப்புகிறது.

கடைகளை இடம் மாற்றும்போது இது இன்னும் முக்கியம். மீனாட்சியம்மன் கோயிலுக்கு எதிரே உள்ள புதுமண்டபத்துக் கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறின. இப்படி இடம் மாறும் கடைகளைத் தேடி வெளியூர்க்காரர் பழைய வாசலுக்குத்தான் முதலில் வருவார். அந்த வாசலில் வழிகாட்டும் பலகை பல வருடங்களுக்கு இருக்க வேண்டும். திறப்பு விழாப் பந்தலோடு அதையும் பிரித்துவிடக் கூடாது.

அடுத்தது கோடிக் கணக்கு. முல்லைப் பெரியாறு தண்ணீரை தேனி மாவட்டத்து லோயர் கேம்ப்பிலிருந்து மதுரைக்குக் கொண்டுவரும் திட்டம் நாளொன்றுக்கு 12.5 கோடி லிட்டர் என்று வகுக்கப்பட்டது. மகத்தான வேலை, சந்தேகமில்லை. ஆனால் குழாயடியில் குடத்தோடு நிற்பவருக்கு அந்த எண்ணை வைத்து என்ன செய்வது? எங்கள் பகுதிக்கு எந்த நாளில், எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் தண்ணீர் வரும், வீட்டு இணைப்புக்கு எங்கே மனுக் கொடுப்பது என்பதே அவருடைய கேள்வி. செலவுக் கணக்கை மறைக்கச் சொல்லவில்லை. வரவுசெலவுத் திட்டத்தையும் செலவு விவரத்தையும் கேட்காமலேயே வெளியிடும் கடமையைத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 4 விதிக்கிறது. கணக்கை முழுதாக வெளியிடுங்கள். தெருப் பலகையில் தெருவுக்கு வேண்டியதை எழுதுங்கள்.

படங்களைப் பற்றி எனக்கு மிகுந்த ஆதங்கம் உண்டு. கணினியில் வரைந்த படத்தில் வீதி துடைத்துவிட்டதுபோல் இருக்கும். பூக்காரம்மா இருக்க மாட்டார், இளநீர் வண்டி இருக்காது. பார்க்கிற தள்ளுவண்டிக்காரர் தனக்கு இங்கே இடமில்லை என்றுதான் எடுத்துக்கொள்வார். அவருக்கு இடம் உண்டென்றால் படத்திலும் வரையுங்கள். வைகைக் கரைப் பணிகளுக்கு, அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் எடுத்த படத்தைப் போடாதீர்கள். அது அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீர் என்பது ஊரறிந்த விஷயம். மற்ற மாதங்களில் பாலத்தின் மேல் நின்று ஆற்றைப் பார்ப்பவர், கரையில் கட்டிய சாலையைப் பற்றி நீங்கள் சொல்லும் உண்மையையும் சேர்த்துச் சந்தேகிப்பார்.

வண்டியூர் தெப்பக்குளத்தைப் பாருங்கள். வறண்ட வருடங்களில் உள்ளே பையன்கள் கிரிக்கெட் ஆடினார்கள். தைப்பூசத்துக்குத் தெப்பம் சுற்றிவர முடியாமல் நிலைத் தெப்பமாக நின்றது. பனையூர்க் கால்வாய் வழியே வைகைத் தண்ணீர் மறுபடி வந்து குளம் நிறைந்தபோது, ஊரே குடும்பத்தோடு படிக்கட்டில் போய் உட்கார்ந்தது. அங்கே விளக்கையும் நடைபாதையையும் விட, சொல்லத் தகுந்தது அந்தக் கால்வாயின் கதை. குளத்துக்குத் தண்ணீர் எந்த வழியாக வருகிறது என்று கரையில் ஒரு வரைபடம் இருந்தால், கால்வாயில் குப்பை கொட்டுபவரைப் பக்கத்து வீட்டுக்காரரே தடுப்பார்.

சொல்லும் வழியிலும் தவறு நடக்கிறது. வாட்ஸ்அப் குழுவில் போட்டதோடு வேலை முடிந்துவிடாது. ரேஷன் கடைச் சுவர், ஆட்டோ ஒலிபெருக்கி, பால் பூத் ஆகியவை இன்னும் மதுரையில் நன்றாகவே எட்டுகின்றன. திட்டத்தின் ஆங்கிலச் சுருக்கப் பெயரை விட்டுவிட்டு ‘மழைநீர் வடிகால்’ என்று எழுதினால் யாருக்கும் புரியும்.

முடிவெடுத்தபின் கருத்துக் கேட்பதும் கூடாது. 2022இல் விதிகள் வந்தபின் நகர்ப்புறத்தில் வார்டுக் குழுவும், அந்தந்தப் பகுதி மக்கள் கூடிப் பேசும் பகுதி சபாவும் இருக்கின்றன. வரைபடம் வரைவாக இருக்கும்போதே அங்கே விரித்துவையுங்கள். ரோட்டைச் சுரண்டி எடுக்காமல் மேலே மேலே போட்டால் மழைத் தண்ணீர் எந்த வீட்டு வாசற்படியைத் தாண்டும் என்பதை அந்தத் தெருப் பாட்டி ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார்.

கடைசியாகத் திறப்பு விழா. வேலை முடியாமல் திறக்காதீர்கள். ரிப்பன் வெட்டிய மறுநாளே கழிப்பறை பூட்டிக் கிடந்தால் அந்தப் பூட்டுதான் ஊர் முழுக்கப் பேச்சாகும். கல்வெட்டுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு தகரப் பலகை வையுங்கள்: விளக்கு எரியாவிட்டால், கல் பெயர்ந்தால் அழைக்க வேண்டிய எண். பலகைக்குப் பெயிண்ட் அடிப்பதற்கு முன், அந்த எண்ணை ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நீங்களே அழைத்து, யாராவது எடுக்கிறார்களா என்று பாருங்கள்.