எரிய வேண்டிய நேரத்தில் எரியாத டார்ச்: வாங்கும்போதும் வைத்திருக்கும்போதும் நாம் செய்யும் தவறுகள்

ஒட்டன்சத்திரத்திலிருந்து தாராபுரம் போகும் சாலையில் ஒரு நாள் இரவு பதினொன்றரை மணிக்குக் காரின் பின் டயர் பஞ்சர். மழை தூறிக்கொண்டிருந்தது. டிக்கியில் டார்ச் இருக்கிறது என்ற தைரியத்தில்தான் இறங்கினேன். இரண்டு பேட்டரிக் கட்டை போடுகிற, நல்ல அலுமினிய உடம்புள்ள டார்ச். வாங்கி ஒன்றரை வருடம்கூட ஆகவில்லை. பொத்தானை அழுத்தினேன், எரியவில்லை. பின்மூடியைத் திருகினால் அசையவே இல்லை. ஈரத் துணியைச் சுற்றி இறுக்கிப் பிடித்து முறுக்கியதும் ஒரு வழியாகத் திறந்தது. உள்ளே ஸ்பிரிங் முழுக்க வெள்ளையும் பச்சையுமாக உப்புப் பூத்திருந்தது. கட்டைகள் உப்பிப்போய்க் குழாயோடு ஒட்டிக்கொண்டிருந்தன. உள்ளங்கையில் தட்டிப் பார்த்தேன், கல்லில் தட்டிப் பார்த்தேன், வெளியே வரவில்லை.

கடைசியில் செல்போனை ஒரு கல்லில் சாய்த்து வைத்து, அந்த வெளிச்சத்தில்தான் ஜாக்கி போட்டு ஸ்டெப்னியை மாட்டினேன். நான்காவது நட்டை முடுக்கும்போது போனில் சார்ஜ் 6 சதவீதம். அதுவும் அணைந்திருந்தால் உதவிக்குக்கூட யாரையும் கூப்பிட்டிருக்க முடியாது. அவசர நேரத்தில் போனை டார்ச்சாகப் பயன்படுத்தக் கூடாது என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

நான் நூற்பாலையில் மின் பராமரிப்பு வேலை பார்ப்பவன். தினமும் டார்ச்சோடுதான் பிழைப்பு. அப்படியும் காருக்கு வாங்கியதில் கோட்டை விட்டேன். அதன் பிறகு நிறைய வாங்கி, பிரித்து, கீழே போட்டுப் பார்த்துவிட்டேன். டார்ச்சில் முதலில் பார்க்க வேண்டியது எவ்வளவு வெளிச்சம் என்பது இல்லை. ஆறு மாதம் யாரும் தொடாமல் கிடந்த பிறகு அழுத்தினால் எரியுமா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

கட்டையில் செய்யும் தவறு

என் டார்ச்சைக் கெடுத்தது அதற்குள் இருந்த கட்டைதான். அல்கலைன் கட்டைக்குள் இருப்பது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்ற காரம். கட்டை தீரத் தீர உள்ளே வாயு சேரும். அழுத்தம் தாங்காமல் சீல் விட்டுக்கொடுத்தால் காரம் கசிந்து ஸ்பிரிங்கையும் உடம்பையும் அரிக்கும். மலிவான சாதாரண கட்டையில் நிலைமை இன்னும் மோசம். அதில் துத்தநாகக் கூடுதான் எரிபொருள், அதுவேதான் பாத்திரமும். பயன்படுத்தப் பயன்படுத்தக் கூடே கரைந்து ஓட்டையாகிவிடும்.

ஒரு பழைய கட்டையோடு ஒரு புதுக் கட்டையைச் சேர்த்துப் போடுவது பல வீடுகளில் நடக்கிறது. தீர்ந்துபோன கட்டையின் வழியாகப் புதுக் கட்டை மின்சாரத்தைத் தள்ளிக்கொண்டே இருக்கும். பழையது தலைகீழாகச் சார்ஜ் ஏறிக் கசியத் தொடங்கும். அதனால் மாற்றினால் எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றுங்கள். ஒரே கம்பெனி, ஒரே வகையாக இருக்கட்டும். அன்றாடம் தொடாத டார்ச்சில் கட்டையை உள்ளே போட்டு வைக்காதீர்கள். தனியாக ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு டார்ச்சோடு ரப்பர் பேண்ட் போட்டு வையுங்கள். இருட்டில் தடவிப் போட அரை நிமிடம் ஆகும், அவ்வளவுதான். ஏற்கெனவே அல்கலைன் கசிந்துவிட்டதா? கையுறை போட்டுக்கொண்டு, காது குடையும் பஞ்சில் வினிகரோ எலுமிச்சைச் சாறோ தொட்டுத் துடைத்து, நன்றாகக் காயவைத்து, முனைகளை நைஸ் உப்புத்தாளால் தேயுங்கள். ஸ்பிரிங் அரிக்கப்படாமல் இருந்தால் டார்ச் பிழைத்துவிடும்.

காருக்கு என் தேர்வு, பென்சில் செல் (ஏஏ) அளவில் கிடைக்கும் லித்தியம் கட்டை. சார்ஜ் ஏற்ற முடியாத, 1.5 வோல்ட் வகை. அல்கலைனைவிடப் பல மடங்கு விலை என்பது உண்மைதான். ஆனால் கசிவது மிக அபூர்வம், 60 டிகிரி வரை வெப்பம் தாங்கும், வருடக்கணக்கில் சார்ஜ் இறங்காது. ஒன்றை மட்டும் கவனியுங்கள். அதே அளவில், அதே வடிவத்தில், 14500 என்ற எண்ணோடு 3.7 வோல்ட் ரீசார்ஜபிள் செல்லும் கடையில் கிடைக்கும். சாதாரண பென்சில் செல்லுக்கான டார்ச்சில் அதைப் போட்டால் எல்இடி புகைந்துவிடும்.

வீட்டுச் சுவரில் செருகிச் சார்ஜ் போடுகிற பெரிய பிளாஸ்டிக் டார்ச்சைப் பலர் அப்படியே டிக்கியில் போட்டு வைத்திருப்பார்கள். அவற்றில் நிறைய மாடல்களுக்குள் இருப்பது 4 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரி. இறங்கிய நிலையில் மாதக்கணக்கில் கிடந்தால் அதன் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகி, மறுபடி சார்ஜே ஏறாது. வீட்டில் வாரம் ஒருமுறை செருகி வைக்கிற பழக்கம் இருந்தால் அது நல்ல பொருள். மறந்துபோகும் காருக்கு அது வேண்டாம்.

வேலைக்கு எடுத்துப்போகும் டார்ச்சுக்கு 18650 என்ற ரீசார்ஜபிள் லித்தியம் அயான் செல் அருமை. 18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 மில்லிமீட்டர் நீளம் என்பதுதான் அந்த எண்ணின் பொருள். அந்த அளவில் ஏமாற்று வேலையும் அதிகம். செல்லில் எவ்வளவு சார்ஜ் நிற்கும் என்பதை எம்ஏஹெச் என்ற அளவில் சொல்வார்கள். இந்த உடம்புக்குள் இன்றைக்கு அடைக்க முடிவதே சுமார் 3500 முதல் 4000 எம்ஏஹெச்தான். மேலே 9900 என்று அச்சடித்திருந்தால் அந்தச் செல்லைப் பற்றி வேறு எதுவும் விசாரிக்க வேண்டியதில்லை, பொய். மளிகைக்கடை டிஜிட்டல் தராசில் வைத்துப் பாருங்கள். நல்ல செல் 45 கிராமை ஒட்டி இருக்கும். முப்பது கிராம் காட்டினால் உள்ளே சரக்கு குறைவு.

இந்த லித்தியம் அயான் செல்லைக் கார் டேஷ்போர்டின் மேல் வைக்கவே கூடாது. சித்திரை வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காரின் டேஷ்போர்டு 70 டிகிரியையும் தாண்டும். பெரும்பாலான செல்களுக்குத் தயாரிப்பாளர் சொல்லும் எல்லையே 60தான். சீட்டுக்கு அடியில் வெப்பம் குறைவு, கையும் எட்டும். டிக்கியில் மூட்டைகளுக்கு அடியில் இருந்தால் அதைத் தேட இன்னொரு டார்ச் வேண்டும்.

லூமன் எண்ணை நம்புவது

டார்ச் தரும் மொத்த வெளிச்சத்தின் அளவுதான் லூமன். கடை அட்டையில் ஐம்பதாயிரம் லூமன், ஒரு லட்சம் லூமன் என்றெல்லாம் போட்டு 400 ரூபாய்க்கு விற்கிறார்கள். வீட்டில் எரியும் 9 வாட் எல்இடி பல்பு ஏறக்குறைய 900 லூமன் தரும். அப்படியானால் ஒரு லட்சம் லூமன் என்பது நூற்றுக்கும் மேற்பட்ட பல்புகளின் வெளிச்சம். அதற்கு ஏறத்தாழ 1000 வாட் வேண்டும். உள்ளங்கையில் அடங்கும் ஒரு செல்லால் அது முடியுமா என்று யோசித்தாலே போதும்.

நியாயமான கம்பெனிகள் ஏஎன்எஸ்ஐ எஃப்எல்1 என்ற அளவுமுறைப்படி எண்களைப் போடுகின்றன. அதையும் படிக்கத் தெரிந்து படிக்க வேண்டும். ஒளி எட்டும் தூரம் 200 மீட்டர் என்றால், அந்த 200 மீட்டரில் விழும் வெளிச்சம் கால் லக்ஸ். கிட்டத்தட்ட முழுநிலா வெளிச்சம். ஆள் நிற்பது தெரியும், யார் என்று தெரியாது. தூரம் பாதியானால் வெளிச்சம் நான்கு மடங்கு ஆகும். அதனால் அட்டையில் இருப்பதில் பாதிக்கும் குறைவான தூரத்தைத்தான் நான் கணக்கில் வைப்பேன். எரியும் நேரமும் அப்படித்தான். வெளிச்சம் தொடக்கத்தில் இருந்ததில் பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரை ஓடும் நேரத்தை அட்டையில் போடுவார்கள். "1000 லூமன், 4 மணி நேரம்" என்று இருந்தால் நான்கு மணி நேரமும் 1000 லூமன் வரும் என்று பொருள் இல்லை. 3000 எம்ஏஹெச் செல்லில் மொத்தம் இருப்பதே சுமார் 11 வாட்-மணி. 1000 லூமனுக்குச் சுமார் 10 வாட் வேண்டும். ஒரு மணி நேரத்தில் கதை முடிந்துவிடும். சின்ன டார்ச் என்றால் அதற்கு முன்பே சூடேறித் தானாகவே வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும்.

உண்மையில் எவ்வளவு வேண்டும்? மின் பேனல் முன்னால் நிற்கும்போது 100 முதல் 200 லூமன் தாராளம். அதற்கு மேல் போனால் வெள்ளைப் பெயின்ட்டில் பட்டுக் கண்ணைக் கூசும். டயர் மாற்ற 200. ரோட்டோரம் சுற்றிலும் பார்க்க 500 இருந்தால் நல்லது.

தலையை முன்னும் பின்னும் இழுக்கிற ஜூம் டார்ச்சை நான் யாருக்கும் சொல்வதில்லை. இழுத்தால் ஒரு சின்ன வட்டம் பளீரென்று விழும். ஒரு ஸ்க்ரூ தெரியும், பக்கத்து டெர்மினல் தெரியாது. தலை நகரும் இடைவெளி வழியாகத் தண்ணீரும் உள்ளே போகும்.

வெளிச்சத்தின் நிறம்

இதை யாருமே கேட்டு வாங்குவதில்லை. எங்கள் ஆலையில் வெளிநாட்டு மெஷின்களில் பேஸ் ஒயர்கள் பழுப்பு, கறுப்பு, சாம்பல் நிறத்தில் வரும். ஒருமுறை கேபிள் தொட்டிக்குள் குனிந்து ஒயர் பிரித்துக்கொண்டிருந்த தம்பி, பழுப்பைக் கறுப்பு என்று சொல்லி, ஒயர் முனையில் அடையாளத்துக்குப் போடும் ஃபெரூலை மாட்டிக்கொண்டிருந்தான். அவன் கையில் இருந்தது நீலம் பாய்ந்த வெளிச்சம் தரும் மலிவான டார்ச். தூசி படிந்த பழுப்பு ஒயர் அதில் கறுப்பாகத்தான் தெரிந்தது. நானும் பார்த்தேன், எனக்கும் கறுப்புதான். என்னுடைய டார்ச்சை நீட்டியதும் இருவருக்கும் பழுப்பு தெரிந்தது. விட்டிருந்தால் பேஸ் மாறி மோட்டார் திருப்பிச் சுற்றியிருக்கும், அதற்குள் பிடித்துவிட்டோம்.

காரிலும் இதுதான். அடியில் சொட்டுவது கூலன்ட்டா, ஆயிலா, ஏசித் தண்ணீரா என்பதை நிறம் சொல்லும். நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதைச் சொல்லும் எண் சிஆர்ஐ. அட்டையில் சிஆர்ஐ 90 அல்லது அதற்கு மேல், நிறம் 4000 முதல் 5000 கெல்வின் என்று இருப்பதைத் தேடுங்கள். லூமன் கொஞ்சம் குறைவாக இருக்கும். பரவாயில்லை.

கை, மழை, பொத்தான்

ஜாக்கி போட இரண்டு கை வேண்டும். டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு வீல் ஸ்பேனரை மிதித்தவர்களுக்குத் தாடை வலி தெரியும். காருக்கு ஒன்றே ஒன்றுதான் வாங்குவேன் என்றால், கைடார்ச்சை விடுங்கள், தலையில் மாட்டும் ஹெட்லைட் வாங்குங்கள். தலை திரும்பும் பக்கம் வெளிச்சம் திரும்பும், கை இரண்டும் காலி. கைடார்ச்தான் வேண்டும் என்றால் பின்னால் காந்தம் உள்ளதாகப் பாருங்கள். பானெட் இரும்புத் தகடாக இருந்தால் ஒட்டும், அலுமினிய இன்ஜினில் ஒட்டாது. இன்ஜின் ஓடும்போது ஃபேன், பெல்ட் பக்கம் ஒட்ட வைக்க வேண்டாம்.

தண்ணீர் விஷயத்தில் ஐபிஎக்ஸ்4 என்றால் தெறிக்கும் தண்ணீரைத் தாங்கும். ஐபிஎக்ஸ்7 என்றால் 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம். நடுவில் உள்ள எக்ஸ், தூசிக்குச் சோதிக்கவில்லை என்பதைக் குறிக்கிறது. பஞ்சுத் தூசியிலும் சிமென்ட்டிலும் வேலை செய்பவர்கள் ஐபி67 பார்க்கலாம். மூடியில் உள்ள ரப்பர் வளையத்துக்கு வருடம் ஒருமுறை சிலிகான் கிரீஸ் தடவுங்கள்.

பக்கவாட்டுப் பொத்தான் உள்ள டார்ச்சுகள் பல, அணைந்திருக்கும்போதும் துளித்துளியாகச் சார்ஜ் குடிக்கும். பையில் இருக்கும்போது தானாக அழுந்தி எரிந்து துணியைப் பொசுக்கும் ஆபத்தும் உண்டு. பல டார்ச்சுகளில் பின்மூடியைக் கால் திருகு தளர்த்தினால் இணைப்பு துண்டிக்கப்படும். தளர்த்திவிட்டு அழுத்திப் பாருங்கள், எரியாவிட்டால் அப்படியே வைக்கலாம். டைப்-சி ஓட்டை இருக்கிறதே என்று வாங்கி, சார்ஜ் ஏறவில்லை என்று திருப்பிக் கொடுப்பவர்களும் உண்டு. மலிவான டார்ச்சுகள் பல, இருபுறமும் டைப்-சி உள்ள கேபிளில் ஏறாது. ஒரு முனை பழைய பெரிய யுஎஸ்பி ஆக இருக்கும் கேபிள் வேண்டும். டார்ச்சோடு வந்த கேபிளைத் தூக்கிப் போடாதீர்கள்.

மினுக்கும் மோட் இருக்கிறது என்பதற்காக அதை வரும் வண்டிகளை நோக்கிப் பிடிப்பது பெரிய தவறு. ஓட்டுநரின் கண் கூசினால் உங்களைத்தான் இடிப்பார். ஹசார்ட் லைட்டைப் போட்டு, எச்சரிக்கை முக்கோணத்தைத் தள்ளி வையுங்கள், டார்ச் வெளிச்சம் தரையைப் பார்க்கட்டும். தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033க்குக் கூப்பிடலாம்.

இன்னொன்று, இது உயிர் சம்பந்தப்பட்டது. கேஸ் வாசனை வரும் சமையலறையிலும், பெட்ரோல் கொட்டிய இடத்திலும், செப்டிக் டேங்க் வாயிலும் சாதாரண டார்ச்சின் பொத்தானை அழுத்தாதீர்கள். சின்னப் பொறி போதும். அங்கே வேலை செய்பவர்கள் பெசோ என்ற மத்திய அரசின் பெட்ரோலியம், வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் அனுமதி பெற்ற டார்ச்சைத்தான் நிறுவனத்திடம் கேட்டு வாங்க வேண்டும். விலை அதிகம் என்று மேஸ்திரி சொன்னாலும் விடாதீர்கள்.

கடையில் என்ன செய்வது

2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது டெல்டாவில் பல ஊர்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. அந்த மாதிரி நாட்களில் அக்கம்பக்கக் கடையில் கிடைக்கிற கட்டையைப் போட்டு எரிகிற டார்ச் ஒன்று வீட்டில் இருக்க வேண்டும். ரீசார்ஜ் டார்ச் இருந்தாலும் இதுவும் இருக்கட்டும்.

வாங்கும்போது கட்டையைப் போட்டு எரியவிட்டு, உள்ளங்கையில் நாலு தட்டு தட்டுங்கள். பின் பக்கமும் தட்டுங்கள். மூடியைத் திறந்து மரை கரகரவென்று இருக்கிறதா, ஸ்பிரிங் தடிமனாக இருக்கிறதா என்று பாருங்கள். அதிக வெளிச்சத்தில் வைத்து ஐந்து நிமிடம் கையில் பிடித்திருங்கள். உடம்பு சூடானால் நல்லது, எல்இடியின் சூடு வெளியே வருகிறது என்று பொருள். வெளிச்சம் முழுதாக இருந்தும் உடம்பு சில்லென்றே இருந்தால் சூடு உள்ளேயே தேங்கி எல்இடியை வறுத்துக்கொண்டிருக்கிறது. தட்டும்போது ஒரே ஒரு முறை வெளிச்சம் இமைத்தாலும் மேஜை மேலேயே வைத்துவிட்டு அடுத்ததை எடுக்கச் சொல்லுங்கள்.