2004 குவாட்டர்பேக்குகள்: ஒரே டிராஃப்டில் வந்தவர்களை வரிசைப்படுத்துவது எப்படி?

அமெரிக்கக் கால்பந்து பார்க்க ஆரம்பித்த எவரும் ஒரு கட்டத்தில் இந்தச் சண்டையில் மாட்டிக்கொள்வார்கள்: "ஈலை மேனிங் பெரிய ஆளா, பிலிப் ரிவர்ஸ் பெரிய ஆளா?" ஒருவர் கோப்பையைக் காட்டுவார், இன்னொருவர் யார்டு கணக்கை, அதாவது பந்தை முன்னேற்றிய தூரத்தைக் காட்டுவார். இரண்டு பேரும் பேசுவது இரண்டு வேறு விஷயம் என்பதால் சண்டை முடியவே முடியாது. கையில் ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டும் அரை மணி நேரமும் இருந்தால் இதை ஒழுங்காகச் செய்யலாம். எப்படி என்று 2004 டிராஃப்டை வைத்தே காட்டுகிறேன்.

புதியவர்களுக்கு இரண்டு வரி. குவாட்டர்பேக் என்பவர் தாக்கும் அணியின் மூளை. ஒவ்வொரு ஆட்டத் துண்டிலும் பந்து முதலில் அவர் கைக்குத்தான் வரும். அதை வீசுவதா, ஓடுபவரிடம் கொடுப்பதா என்பது அங்கிருந்துதான் தொடங்கும். டிராஃப்ட் என்பது கல்லூரி ஆட்டக்காரர்களை அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்.-இன் அணிகள் வருடத்துக்கு ஒருமுறை முறைவைத்து எடுத்துக்கொள்வது. ஒரே வருடம் வந்தவர்களை ஒப்பிடுவதில் பெரிய வசதி ஒன்று உண்டு. விதிகளும் எதிராளிகளும் காலமும் ஏறக்குறைய ஒன்றுதான். 1983-இல் வந்தவரையும் 2004-இல் வந்தவரையும் ஒப்பிட்டால் பாதி நேரம் காலத்தைச் சரிக்கட்டுவதிலேயே போய்விடும்.

படி 1: யார் யார் பட்டியலில்?

2004 ஏப்ரலில் நியூயார்க்கில் நடந்த டிராஃப்டில் முதல் சுற்றிலேயே நான்கு குவாட்டர்பேக்குகள் போனார்கள். முதல் ஆளாக ஈலை மேனிங்கை எடுத்தது சான் டியேகோ சார்ஜர்ஸ். அங்கே ஆட விருப்பமில்லை என்று மேனிங் குடும்பம் முன்கூட்டியே சொல்லியிருந்தது. எடுத்தபிறகு சார்ஜர்ஸ் ஜெர்சியைக் கையில் பிடித்துக்கொண்டு சிரிப்பே இல்லாமல் நின்றார் அவர். சற்று நேரத்தில் நான்காவது இடத்தில் நியூயார்க் ஜயன்ட்ஸ் ரிவர்ஸை எடுத்து, அவரையும் கூடவே சில டிராஃப்ட் வாய்ப்புகளையும் கொடுத்து ஈலையை வாங்கிக்கொண்டது. பதினோராவது இடத்தில் பென் ராத்லிஸ்பர்கர் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸுக்குப் போனார். 22-ஆவது இடத்தில் பஃபலோவுக்குப் போன ஜே.பி. லாஸ்மன் நிலைக்கவில்லை. மூன்றாம் சுற்றில் வந்த மேட் ஷாப் பின்னாளில் ஹூஸ்டனில் நன்றாகவே ஆடினார். 2009-இல் 4,770 யார்டுடன் லீக்கிலேயே முதலிடம்.

பட்டியலில் எல்லோரையும் போட்டால் குழப்பம்தான் மிஞ்சும். ஒரு தகுதி வையுங்கள். நான் வைப்பது 200 ஆட்டங்களுக்கு மேல் தொடக்க ஆட்டக்காரராக இறங்கியிருக்க வேண்டும் என்பது. அப்படிப் பார்த்தால் மூன்று பேர் மிஞ்சுகிறார்கள்: ராத்லிஸ்பர்கர் 247, ரிவர்ஸ் 240, ஈலை 234. இவ்வளவு நெருக்கமாக மூன்று பேர் அமைவது அபூர்வம். பழகுவதற்கு இந்த வருடத்தை நான் சிபாரிசு செய்வதே இதனால்தான்.

எதுவரை கணக்கு எடுப்பது என்பதையும் இப்போதே முடிவு செய்துவிடுங்கள். ரிவர்ஸ் 2020 சீசனோடு ஓய்வு பெற்றார்; பிறகு 2025 டிசம்பரில், 44 வயதில், கோல்ட்ஸ் அணி கூப்பிட்டதும் திரும்ப வந்து சில ஆட்டங்கள் ஆடினார். ஆச்சரியமான கதைதான், ஆனால் ஐந்து வருட இடைவெளிக்குப் பின் ஆடிய ஆட்டத்தைச் சேர்த்தால் ஒப்பீடு கோணலாகிவிடும். கீழே வருவது 2020 வரையிலான ரிவர்ஸ்.

படி 2: கேள்வியை எழுதிவைக்கவும்

எண்களைத் திறப்பதற்கு முன் இதைச் செய்யுங்கள். இல்லையென்றால் பிடித்த ஆளுக்குச் சாதகமான எண்ணை மனசு தானாகத் தேடிப் போகும். கேள்வி மூன்று விதமாக இருக்கலாம். ஒரு வீச்சுக்கு யார் அதிகம் பயன்பட்டார்? மொத்தத்தில் யாருடைய விளையாட்டு வாழ்க்கை பெரியது? ஒரே ஒரு முக்கிய ஆட்டத்துக்கு யாரைக் கூப்பிடுவீர்கள்?

மூன்றுக்கும் மூன்று வேறு வரிசை வரக்கூடும். நான் இங்கே முதலிரண்டையும் சேர்த்து எடுத்துக்கொள்கிறேன். மூன்றாவது டீக்கடைக்கு நல்லது, ஷீட்டுக்கு ஆகாது.

படி 3: எண்களை எடுத்தல்

புரோ ஃபுட்பால் ரெஃபரன்ஸ் என்ற தளத்தில் எல்லாம் இலவசமாகக் கிடைக்கும். சீசன் ஆட்டங்களையும், அது முடிந்தபின் வரும் நாக்அவுட் ஆட்டங்களான பிளேஆஃபையும் தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள். முதலில் தேவை நான்கே நான்கு: வீச்சு, யார்டு, டச்டவுன் (பந்தை எதிரணியின் கடைசிக் கோட்டுக்கு அப்பால் சேர்த்துப் புள்ளி எடுப்பது), இன்டர்செப்ஷன், அதாவது எதிரணி பறித்துக்கொண்ட வீச்சு.

ரிவர்ஸ்: 8,134 வீச்சு, 63,440 யார்டு, 421 டச்டவுன், 209 இன்டர்செப்ஷன்.
ராத்லிஸ்பர்கர்: 8,443 வீச்சு, 64,088 யார்டு, 418 டச்டவுன், 211 இன்டர்செப்ஷன்.
ஈலை: 8,119 வீச்சு, 57,023 யார்டு, 366 டச்டவுன், 244 இன்டர்செப்ஷன்.

ஈலைக்கும் ரிவர்ஸுக்கும் வீச்சில் வித்தியாசம் வெறும் 15. யார்டில் வித்தியாசம் ஆறாயிரத்துக்கு மேல். கணக்குப் போடுவதற்கு முன்பே கதை பாதி தெரிந்துவிடுகிறது.

படி 4: ஒரு வீச்சுக்கு எவ்வளவு?

கிரிக்கெட்டில் மொத்த ரன்னோடு சராசரியையும் பார்ப்போம் இல்லையா, அதே மாதிரிதான் இது. டச்டவுனுக்குப் பரிசும் இன்டர்செப்ஷனுக்குத் தண்டனையும் சேர்த்த சூத்திரம்:

(யார்டு + 20 × டச்டவுன் − 45 × இன்டர்செப்ஷன்) ÷ வீச்சு

ஈலைக்கு ஒருமுறை கையாலேயே போட்டுப் பாருங்கள். 366-ஐ 20-ஆல் பெருக்கினால் 7,320. 244-ஐ 45-ஆல் பெருக்கினால் 10,980. 57,023 + 7,320 − 10,980 = 53,363. இதை 8,119-ஆல் வகுத்தால் 6.57. அவருடைய டச்டவுன்கள் சம்பாதித்துக் கொடுத்ததை விட இன்டர்செப்ஷன்கள் அதிகமாகவே தின்றுவிட்டன என்பது நடுவிலேயே கண்ணில் படும்.

இதே முறையில் ரிவர்ஸ் 7.68, ராத்லிஸ்பர்கர் 7.46. முதல் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது: ரிவர்ஸ், ராத்லிஸ்பர்கர், ஈலை.

இந்தச் சூத்திரம் ஒன்றை விட்டுவிடுகிறது. பந்தை வீசுவதற்குள் எதிரணி வந்து அமுக்கிவிடுவதற்கு சாக் என்று பெயர். ஒவ்வொரு சாக்கிலும் யார்டு நஷ்டம். ராத்லிஸ்பர்கர் பந்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு கடைசி நொடிவரை வழி தேடுகிற ஆள், 554 தடவை சாக் ஆனார். ஈலை 411. ரிவர்ஸ் இருவருக்கும் நடுவில். அதனால் ராத்லிஸ்பர்கரின் 7.46-ஐக் கொஞ்சம் குறைத்தும் ஈலையின் 6.57-ஐக் கொஞ்சம் கூட்டியும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வரிசை மாறாது, இடைவெளிதான் மாறும்.

படி 5: வெற்றிக் கணக்கை எச்சரிக்கையாகத் தொடவும்

சீசன் ஆட்டங்களில் ராத்லிஸ்பர்கர் 165 வெற்றி, 81 தோல்வி, ஒரு சமன். ரிவர்ஸ் 134–106. ஈலை 117–117, சரிபாதி.

பார்த்ததும் முடிவு கட்டத் தோன்றும், கட்டாதீர்கள். ராத்லிஸ்பர்கர் முதல் வருடமே சீசனில் தான் தொடங்கிய 13 ஆட்டங்களையும் ஜெயித்தார். அந்த வருடம் லீக்கிலேயே குறைந்த புள்ளி விட்டுக்கொடுத்த தடுப்பாட்டம் ஸ்டீலர்ஸுடையது. 2008, 2010, 2011-லும் அப்படியே. ரிவர்ஸுக்கு நடந்ததைப் பாருங்கள்: 2010-இல் சார்ஜர்ஸ் மொத்த யார்டுக் கணக்கில் தாக்குதலிலும் தடுப்பிலும் லீக்கில் முதலிடம், ரிவர்ஸ் 4,710 யார்டு வீசி அதிலும் முதலிடம். ஆனால் அணி 9–7 என்று முடித்து பிளேஆஃபுக்கே போகவில்லை. பந்தை உதைக்கிற, உதைத்ததைத் துரத்துகிற சிறப்பு அணி அந்த வருடம் சொதப்பித் தள்ளியதுதான் காரணம். அதில் குவாட்டர்பேக்குக்கு வேலையே கிடையாது.

ஆகவே சீசன் வெற்றி தோல்வியை மதிப்பெண்ணில் நான் சேர்ப்பதில்லை, பார்த்து வைத்துக்கொள்வதோடு சரி.

படி 6: பிளேஆஃப்

இங்கேதான் ஈலை எழுந்து நிற்கிறார். 2008 பிப்ரவரியில், சூப்பர் பவுல் என்ற இறுதி ஆட்டத்தில், அதுவரை 18 ஆட்டத்தில் 18-ம் ஜெயித்திருந்த நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸை 17–14 என்று வீழ்த்தியது ஜயன்ட்ஸ். கடைசித் தாக்குதலில் ஈலையை அமுக்கச் சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். எப்படியோ திமிறி வெளியே வந்து அவர் தூக்கிப்போட்ட பந்தை டேவிட் டைரி ஹெல்மெட்டோடு சேர்த்து அழுத்திப் பிடித்தார். ஆட்டம் முடிய 35 நொடி இருக்கும்போது டச்டவுன். நான்கு வருடம் கழித்து அதே பேட்ரியட்ஸ், அதே டாம் பிரேடி, 21–17. இரண்டு சூப்பர் பவுலிலும் ஆட்ட நாயகன் ஈலைதான்.

பிளேஆஃபில் அவர் கணக்கு 8–4. இதை உடைத்துப் பாருங்கள்: கோப்பை வாங்கிய இரண்டு வருடத்திலும் சேர்த்து 8–0. மீதி நான்கு தடவை போனபோதெல்லாம் முதல் ஆட்டத்திலேயே வெளியே, 0–4. இப்படி ஒரு விசித்திரமான கணக்கு எனக்குத் தெரிந்து வேறு யாருக்கும் இல்லை.

ராத்லிஸ்பர்கர் 13–10, இரண்டு கோப்பை. முதல் கோப்பை ஆட்டத்தில் அவர் 21 வீச்சில் 9-ஐ மட்டுமே சக ஆட்டக்காரர் கையில் சேர்த்து, இரண்டு இன்டர்செப்ஷன் கொடுத்தார். சூப்பர் பவுல் ஜெயித்த குவாட்டர்பேக்குகளில் அதைவிட மோசமான ரேட்டிங் (வீச்சுக்கான மதிப்பெண்) யாருக்கும் கிடையாது. இரண்டாவதில் அரிசோனாவுக்கு எதிராக 35 நொடி இருக்கும்போது சான்டோனியோ ஹோம்ஸுக்கு மூலையில் வீசியது அவருடைய ஆகச் சிறந்த வீச்சு. இரண்டுக்கும் ஒரே மாதிரி வெற்றி மோதிரம்தான் கொடுக்கிறார்கள்!

ரிவர்ஸ் 5–7, சூப்பர் பவுல் பக்கமே போகவில்லை. அதற்கு முந்தைய ஆட்டத்தில் ஒருமுறை முழங்கால் தசைநார் கிழிந்த காலோடு ஆடித் தோற்றார்.

மதிப்பெண்ணுக்கு எளிய வழி: பிளேஆஃப் வெற்றி ஒவ்வொன்றுக்கும் 1, கோப்பைக்குக் கூடுதலாக 3. ராத்லிஸ்பர்கர் 19, ஈலை 14, ரிவர்ஸ் 5.

படி 7: சேர்த்துப் பார்த்தல்

ஆரம்பக்காரர்கள் எல்லோரும் சறுக்குகிற இடம் இது. ஒவ்வொன்றிலும் முதலிடத்துக்கு 100 கொடுத்து மற்றவர்களை அதன் சதவீதமாக மாற்றுவார்கள். வீச்சில் ரிவர்ஸ் 100, ராத்லிஸ்பர்கர் 97, ஈலை 86. பிளேஆஃபில் ராத்லிஸ்பர்கர் 100, ஈலை 74, ரிவர்ஸ் 26. வீச்சுக்கு 70 பங்கு, பிளேஆஃபுக்கு 30 பங்கு என்று கலந்தால் ராத்லிஸ்பர்கர் 98, ஈலை 82, ரிவர்ஸ் 78.

ஈலை இரண்டாமிடமா? அவசரப்பட வேண்டாம். வீச்சுக் கட்டத்தில் மூன்று பேரும் 86-க்கும் 100-க்கும் நடுவே நெருக்கிக்கொண்டு இருக்கிறார்கள். பிளேஆஃப் கட்டத்தில் 26-லிருந்து 100 வரை விரிந்து கிடக்கிறார்கள். விரிந்து கிடப்பதுதான் முடிவை இழுக்கும். பேருக்கு 70–30, உள்ளே பிளேஆஃபின் ராஜ்ஜியம்.

சரிசெய்ய, வீச்சுக் கணக்கில் பூஜ்யத்திலிருந்து தொடங்காமல் 5-லிருந்து தொடங்குங்கள். வருடக்கணக்கில் 5-ஐத் தாண்டாத குவாட்டர்பேக்கை எந்த அணியும் வைத்துக்கொள்ளாது என்பது என் கணக்கு. நீங்கள் வேறு எண் வைக்கலாம். 5-ஐக் கழித்தால் ரிவர்ஸ் 2.68, ராத்லிஸ்பர்கர் 2.46, ஈலை 1.57. சதவீதத்தில் 100, 92, 59. அதே 70–30: ராத்லிஸ்பர்கர் 94, ரிவர்ஸ் 78, ஈலை 63.

அப்புறம் பங்கை மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். வீச்சுக்குக் கிட்டத்தட்ட 90 சதவீதம் கொடுத்தால்தான் ரிவர்ஸ் முதலிடத்துக்கு வருகிறார். ரிவர்ஸும் ஈலையும் இடம் மாறுவது 53 சதவீதம் வாக்கில். அதாவது முதலிடம் உறுதியானது, எந்தப் பக்கம் திருப்பினாலும் பெரும்பாலும் ராத்லிஸ்பர்கர்தான். இரண்டாமிடம் மட்டுமே உங்கள் ரசனையைப் பொறுத்தது. பிளேஆஃபுக்குப் பாதிக்கு மேல் பங்கு தருபவருக்கு ஈலை, மற்றவர்களுக்கு ரிவர்ஸ். என் ஓட்டு ரிவர்ஸுக்கு. நியூயார்க்காரர்கள் மன்னிக்கவும்.

அடுத்து 2018-ஐ எடுப்பவர்களுக்கு

பேக்கர் மேஃபீல்டு, சாம் டார்னல்டு, ஜாஷ் ஆலன், ஜாஷ் ரோசன், லமார் ஜாக்சன் என்று முதல் சுற்றிலேயே ஐந்து பேர் வந்த வருடம். இவர்களை இறுதியாக வரிசைப்படுத்த இன்னும் காலம் இருக்கிறது. மூன்று வருடத்தில் ஜெட்ஸ் அணி கைகழுவிய டார்னல்டு, 2024-இல் மினசோட்டாவுக்கு 14 வெற்றி வாங்கிக் கொடுத்தார். தேதி போட்ட தற்காலிகப் பட்டியலாக வைத்துக்கொள்ளலாம்.

மேலே சொன்ன சூத்திரத்தை அங்கே அப்படியே போடாதீர்கள். 2004 ஆட்கள் மூவரும் ஓடிச் சம்பாதித்தது சொற்பம், அதனால் விட்டுவிட்டேன். ஜாக்சன் 2019-இல் மட்டும் 1,206 யார்டு ஓடினார், அந்த வருடம் லீக்கின் மதிப்புமிக்க ஆட்டக்காரர் விருதும் அவருக்கே. ஓட்ட யார்டு, ஓட்ட டச்டவுன், கைநழுவவிட்ட பந்து என மூன்று கட்டங்கள் கூடுதலாகப் போட்டு, ஓட்டங்களின் எண்ணிக்கையை வீச்சோடு கூட்டி அதனால் வகுங்கள்.